மொட்டை மாடித் தொட்டி மூன்றே வருடத்தில் ஏன் விரிசல் விடுகிறது?

தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியின் மேல் எந்தக் கம்பெனிப் பெயர் இருந்தாலும் பேச்சுவழக்கில் அது ‘சின்டெக்ஸ்’தான். வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பதும் மூன்றே கேள்விகள்: என்ன பிராண்டு, எத்தனை லேயர், என்ன விலை. காலத்துக்கு முன்பே வீணாய்ப்போன தொட்டிகளைப் புரட்டிப் பார்த்தால், விரிசல் தொடங்கிய இடமும் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அடிப்பாகம் உட்கார்ந்த இடம், குழாய்க்குத் துளை போட்ட இடம், வெயில் நேரே இறங்கும் மேல்மண்டை. இதில் கடைசி ஒன்று மட்டும்தான் கடையில் முடிவாகிறது. மற்ற இரண்டும் தொட்டியை மாடிக்கு ஏற்றிய அன்றைக்கே முடிவாகிவிடுகின்றன. அதனால் பேச்சை மாடியிலிருந்தே தொடங்கலாம்.

உட்காரும் இடம்

பிளாஸ்டிக் தொட்டியின் சுவர் தண்ணீரைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். கீழ்நோக்கி இறங்கும் பாரத்தை அதன் அடிப்பாகம் தனியாகத் தாங்காது, அடியில் இருக்கும் தளம்தான் வாங்க வேண்டும். 1000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். அந்த ஒரு டன்னும் சுமார் 1.1 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் இறங்குகிறது.

தொட்டிக்கு ஸ்டாண்டு செய்யப் போனால் வெல்டிங் பட்டறையில், “குறுக்க ரெண்டு ஆங்கிள் போதும் சார், ஆயிரம் லிட்டர் தாராளமா நிக்கும்” என்பார்கள். நிற்கத்தான் செய்யும். ஸ்டாண்டு வளையாது, தொட்டிதான் வளையும். நிரம்பிய தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தால், இரண்டு ஆங்கிள் இரும்புச் சட்டங்களுக்கும் இடையில் அடிப்பாகம் தூளி மாதிரி தொங்குவது தெரியும். தண்ணீர் தீர்ந்ததும் மேலே எழும், மோட்டார் போட்டதும் மறுபடி இறங்கும். வெயிலில் பிளாஸ்டிக் இளகியிருக்கும்போது தொய்வு இன்னும் கூடும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை என்று வைத்தாலும் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை ஒரே கோட்டில் மடங்கி நிமிர்கிறது. ஆங்கிளின் விளிம்பு பட்ட இடத்தில் முதலில் வெளிறிய கோடு ஒன்று தோன்றும். பிறகு அந்த இடம் வியர்ப்பது போல ஈரம் காட்டும். அதற்கப்புறம் சொட்டுதான். செங்கல்லை வட்டமாக அடுக்கி உட்கார வைப்பதும், பழைய டயர் மேல் வைப்பதும் இதே வகைத் தவறு. மணலைப் பரப்பி அதன் மேல் வைப்பவர்களும் உண்டு. முதல் நாள் மெத்தையாகத்தான் இருக்கும். தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீர் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போனபின் அடியில் பள்ளம் விழுந்துவிடும்.

அடிப்பாகம் முழுவதும், ஒரு கை அகல இடைவெளிகூட இல்லாமல், கெட்டியான சமதளத்தில் படிய வேண்டும். கம்பி கட்டிய 3 முதல் 4 அங்குலக் கான்கிரீட் பலகை இதற்கு மிகச் சரி. இரும்பு ஸ்டாண்டோ செங்கல் தூணோ ஏற்கெனவே இருந்தால், அதன் மேல் இரண்டு அங்குலக் கடப்பா கல்லை இடைவெளி விடாமல் பரப்பி, இணைப்புகளைச் சாந்தால் அடைக்கலாம். கல்லுக்கு ஒன்றரை அடிக்கு ஒரு தாங்கல் இருப்பது நல்லது. தளம் தொட்டியின் விளிம்பைத் தாண்டிச் சுற்றிலும் அரையடி நீண்டிருக்கட்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் சாய்ந்தால் பாரம் அந்தப் பக்கச் சுவரின் அடிமடிப்பில் ஏறும். தொட்டியைத் தூக்கி வைப்பதற்கு முன் துடைப்பத்தால் ஒருமுறை கூட்டி, வெறுங்கையால் தளத்தைத் தடவிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு ஜல்லிக்கல் போதும், ஒரு டன் பாரம் அதை அடிப்பாகத்துக்குள் அழுத்திவிடும்.

தொட்டியைத் தாங்கும் தளம் சரியானாலும், அதைத் தாங்கும் கூரை இருக்கிறது. வீட்டு மொட்டை மாடிகளுக்குப் பொதுவாக சதுர மீட்டருக்கு 150 கிலோ ஏற்றப்படும் என்ற கணக்கில்தான் கான்கிரீட் வடிவமைக்கப்படுகிறது. நிரம்பிய 1000 லிட்டர் தொட்டி தன் அடியில் சதுர மீட்டருக்கு 1000 கிலோவுக்கு மேல் இறக்குகிறது. ஆகவே அறையின் நடுக்கூரையில் தொட்டி வைக்கவே கூடாது. தூண், பீம், அல்லது கீழேயுள்ள பாரம் தாங்கும் சுவரின் நேர் மேலே பாரம் இறங்கும்படி வைக்க வேண்டும். பழைய வீடாக இருந்தால், கூரையின் அடிப்பக்கம் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இடம் குறிக்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

சுழல் வார்ப்பு முறையில் செய்யப்படும் பாலிஎத்திலீன் தொட்டிகளுக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 12701. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இந்த எண்ணும் தொட்டி மேல் இருக்க வேண்டும். முத்திரையை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் திருப்தி அடையாதீர்கள், பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். குடிநீர் படும் பிளாஸ்டிக்குக்கு ஐ.எஸ். 10146 என்ற தனித் தரம் உண்டு. தொட்டியின் மூலப்பொருள் அதற்கு உட்பட்டதா என்று கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது எடை. ஒரே 1000 லிட்டரில் இரண்டு தொட்டிகளுக்கு இடையே ஐந்தாறு கிலோ வித்தியாசம் இருந்தால் அது அத்தனையும் சுவர்ப் பருமனில் குறைந்ததுதான். கடையில் தராசு இல்லையென்றால் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் இருக்கும். லேயர் எண்ணிக்கையை விட எடை நேர்மையான அளவுகோல் என்பதுதான் எங்கள் கருத்து. மூன்று, நான்கு, ஐந்து என்று லேயரைக் கூட்டிக்கொண்டே போகலாம், மொத்தப் பருமன் கூடாவிட்டால் அதனால் பலம் வராது. நடுவில் நுரை லேயர் உள்ள தொட்டிகளில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நுரை வெப்பத்தைத் தாமதப்படுத்தும், ஆனால் பாரம் தாங்குவது அதன் இரு பக்கமும் உள்ள கெட்டி லேயர்கள்.

மூன்றாவது டார்ச். மூடியைத் திறந்து ஒருவர் டார்ச்சை உள்ளே பிடிக்க, இன்னொருவர் வெளியே நிழலில் நின்று பார்க்க வேண்டும். வெளிச்சம் வெளியே கசிந்தால் வெயிலும் உள்ளே போகும், இரண்டு மாதத்தில் உட்சுவரில் பச்சைப் பாசி வழுவழுக்கும். மட்டமான வெள்ளைத் தொட்டிகளில் இது சாதாரணம். உள்ளே தலையை நீட்டி முகர்ந்தும் பாருங்கள். எரிந்த பிளாஸ்டிக் நெடியோ மண்ணெண்ணெய் மாதிரி வாடையோ அடித்தால், அது மறுசுழற்சிப் பிளாஸ்டிக் கலந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கறுப்பா வெள்ளையா என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கறுப்புக்குக் காரணம் அதில் கலக்கும் கார்பன் கரி, சுமார் 2 முதல் 3 சதவீதம். வெயிலின் புற ஊதாக் கதிர் பாலிஎத்திலீனின் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே போகும். அதை மேற்பரப்பிலேயே தடுப்பதில் கரியை விடச் சிறந்த சரக்கு இல்லை. ஆகவே ஆயுளுக்குக் கறுப்பு நல்லது. ஆனால் அதே கறுப்பு வெயிலை உறிஞ்சித் தண்ணீரைச் சுட வைக்கும். எங்கள் தீர்ப்பு இதுதான்: தொட்டிக்கு மேலே நிழல் போட முடிந்தால் கெட்டியான கறுப்புத் தொட்டி. நிழலுக்கு வழியே இல்லையென்றால் வெளியே வெள்ளை, நடுவே கறுப்பு, உள்ளே வெள்ளை என்று மூன்று லேயரும் கூடிய, எடை குறையாத தொட்டி. நடுக்கறுப்பு இல்லாத வெள்ளைத் தொட்டி வேண்டாம்.

துளை

தொட்டியில் துளை போடுவதை ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்டமாக வெட்டும் பல் வளையம்) கொண்டு மட்டுமே செய்ய வேண்டும். இரும்புக் குழாயை அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தொட்டியில் வைத்து அழுத்தும் பழக்கம் இன்னும் பல ஊரில் இருக்கிறது. அப்படிச் சுட்ட துளையின் விளிம்பு உருகி மேடும் பள்ளமுமாக இறுகும், வாஷர் சரியாகப் படியாது. சூடுபட்ட பிளாஸ்டிக் வலுவிழந்து, விரிசல் அங்கிருந்தே கிளம்பும்.

ஹோல் சா வெட்டிய வட்டத் துண்டு கீழே விழும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் வாங்கிய தொட்டி உண்மையில் எப்படிப்பட்டது என்று காட்டும் சாட்சி அந்தத் துண்டுதான். வெட்டு விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். ரொட்டித் துண்டு மாதிரி கண்ணுக்குத் தெரியும் துவாரங்கள் நிறைய இருந்தால் வார்ப்பு சரியாக வேகவில்லை. நுரை லேயர் மட்டும் துளைத்துளையாக இருப்பது இயல்பு. துண்டின் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கக் கூடாது. பிறகு குறட்டால் பிடித்து இரண்டாக மடக்குங்கள். நல்ல பாலிஎத்திலீன் மடங்கி நிற்கும், மடிப்பு வெளுக்கும், உடையாது. பிஸ்கட் மாதிரி ஒடிந்தால் அது வெயிலில் நிற்கக்கூடிய சரக்கு அல்ல. குழாய் மாட்டுவதற்கு முன்பே கடைக்காரரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

துளையில் மாட்டிக் குழாயை இணைக்கும் டேங்க் நிப்பிளுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு ரப்பர் வாஷர். தொட்டியில் துளைக்கென்று தட்டையாக விட்டிருக்கும் இடத்தில்தான் போட வேண்டும், வளைந்த சுவரில் போட்டால் வாஷரின் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். கையால் இறுக்கியபின் ஸ்பானரில் அரைச் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. கசிந்தால் இன்னும் இறுக்குவது பிளம்பரின் முதல் யோசனையாக இருக்கும். கழற்றி வாஷரை மாற்றுவதுதான் சரி. எம்-சீல் பூசி மறைப்பது ஒரு கோடைக்குக்கூட வராது, ஏனென்றால் பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் முழுதாக ஒட்டுவதில்லை. இதே காரணத்தால்தான் தொட்டிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தாலும் சில மாதத்தில் தோல் தோலாக உரிந்துவிடுகிறது.

நிப்பிளில் குழாயின் பாரம் தொங்கக் கூடாது. தொட்டியிலிருந்து அரையடி தள்ளி ஒரு யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு), அடுத்து பால் வால்வு, அதற்கப்புறம் குழாயைத் தளத்தில் கிளாம்ப் போட்டுப் பிடித்துவிட வேண்டும். தொட்டி நிரம்பும்போது சுவர் லேசாகப் பிதுங்கும், நிப்பிளும் அதோடு நகரும். குழாய் அசையாமல் விறைப்பாக நின்றால் அந்த இழுவை முழுவதும் துளை விளிம்பில் விழும். போர் மோட்டாரிலிருந்து ஏறும் குழாயில் அதிர்வும் சேர்ந்துகொள்ளும். அதைத் தொட்டியில் இறுக்கிப் பூட்டாமல், மண்டைக்கு அருகில் வளையக்கூடிய சிறு ஹோஸ் துண்டு வைத்து இணைப்பது நல்லது.

வெளியேறும் குழாயை அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே வையுங்கள், வண்டல் வீட்டுக்குள் வராது. வண்டலைத் திறந்துவிட மிகக் கீழே தனியாக ஒரு வாஷ்-அவுட். வழிகிற குழாய், தண்ணீர் ஏறும் குழாயை விட ஓர் அளவாவது பெரிதாக இருக்க வேண்டும். ஏறுவது ஒரு அங்குலம் என்றால் வழிவது ஒன்றரை. காற்றுக் குழாயும் அவசியம். மூடி இறுக்கமாக இருந்து காற்று நுழைய வழியில்லாவிட்டால், கீழே நான்கு குழாயும் ஒரே நேரத்தில் திறக்கும்போது மெல்லிய தொட்டி உள்ளே ஒடுங்கும்.

சூடு

1000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.16 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பம் வேண்டும். மே மாதத்தில் தெளிவான நாளொன்றில் ஒரு சதுர மீட்டர் தரையில் சுமார் 6 யூனிட் வெயில் விழுகிறது. 1000 லிட்டர் தொட்டியின் மேல்மண்டை ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். நிரம்பிய தொட்டிக்கு மண்டை வழியாக மட்டும் வரும் சூடு ஐந்து டிகிரிக்குள்தான். பக்கச்சுவரும் சூடான காற்றும் அதற்கு மேல் சேர்க்கும். அதே தொட்டியில் 300 லிட்டர் மட்டும் இருந்தால் சூடு மூன்று மடங்குக்கு மேல் ஏறும். ஆகவே கத்திரி வெயில் நாட்களில் இரவோ விடிகாலையோ தொட்டியை நிரப்பிவிடுங்கள். பகல் முழுக்கக் கால் தொட்டித் தண்ணீரை வைத்து ஓட்டிவிட்டு மாலையில் மோட்டார் போடுவதுதான் தொட்டிக்கும் குளிப்பவருக்கும் கெடுதல்.

மதியம் குழாயைத் திறந்ததும் கையைச் சுடும் தண்ணீர் பெரும்பாலும் தொட்டித் தண்ணீரே அல்ல. மொட்டை மாடித் தரையில் வெயிலில் கிடக்கும் குழாயில் நின்ற தண்ணீர் அது. ஒரு அங்குலக் குழாய் மீட்டருக்கு அரை லிட்டர் பிடிக்கும். 20 மீட்டர் குழாய் மாடியைச் சுற்றி ஓடினால் 10 லிட்டர், அதாவது முதல் அரை வாளிக்கு மேல் கொதிக்கிறது. குழாயை முடிந்தவரை நீளம் குறைந்த வழியில் இறக்குங்கள், கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் ஒட்டி ஓட்டுங்கள், மேலே கறுப்பு நுரை உறை சுற்றி அதன் மேல் வெள்ளைத் துணியோ அலுமினியத் தாளோ கட்டுங்கள். சி.பி.வி.சி., யு.பி.வி.சி. குழாய்களும் வெயிலில் நொறுங்கும் சரக்குதான். தண்ணீரில் கரைக்கும் எமல்ஷன் பெயிண்ட் வெள்ளையாக இரண்டு கோட் அடித்தால் அவற்றின் ஆயுள் கூடும். தொட்டியைப் போலல்லாமல் இந்தக் குழாய்களில் பெயிண்ட் நன்றாகவே பிடிக்கும்.

நிழலுக்கு மாடிப்படி ஹெட்ரூமின் வடக்குப் பக்கம் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் அது கோடைக்கு உதவாது. ஏப்ரல் பிற்பாதியில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது, மே, ஜூன், ஜூலையில் நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது. ஹெட்ரூமின் கிழக்குப் பக்கம் வைத்தால், மதியம் தாண்டியதும் அதன் நிழல் தொட்டி மேல் விழும். காற்றே அனலாக இருக்கும் நேரம் அது. வாஸ்து பார்ப்பவர்கள் தொட்டியைக் கன்னி மூலையில், தென்மேற்கில் வைக்கச் சொல்வார்கள். பின்மதிய வெயில் முழுவதையும் வாங்கும் மூலை அதுதான். அங்கேதான் வைக்க வேண்டும் என்றால் மேற்குப் பக்கம் ஒரு மறைப்பையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

மேலே பந்தல் போடும்போது தொட்டிக்கும் கூரைக்கும் இடையே ஒரு அடியாவது காற்று ஓட வேண்டும். தகரத்தைத் தொட்டி மேலேயே கவிழ்த்தால் தகரத்தின் அனல் நேரே இறங்கும். பச்சை நிழல் வலை மலிவு, ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் நைந்துபோகும். கீற்று மிகக் குளிர்ச்சி, தீபாவளி வாரத்தில் ஆபத்து. சாக்கை நனைத்துச் சுற்றுவது வேலை செய்யும், ஆனால் உப்புத் தண்ணீரில் நனைத்தால் ஸ்டாண்டின் இரும்பு துருவேறும்.

சோலார் வாட்டர் ஹீட்டர் உள்ள வீடுகளில் ஒரு எச்சரிக்கை. அதன் காற்றுக் குழாயைச் சிலர் பிளாஸ்டிக் தொட்டிக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். கோடையில் வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களில் கொதிநீரும் ஆவியும் அந்த வழியாகத் திரும்பி வந்து தொட்டியின் தோளை இளக்கிவிடும். அந்தக் குழாய் தொட்டியின் நீர்மட்டத்தை விட உயரமாக, வெளியே தனியாக நிற்கட்டும்.

எவ்வளவு, எத்தனை

ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. நான்கு பேருக்கு 540 லிட்டர். கீழே சம்ப் இருந்தால் மாடியில் ஒரு நாள் தேவைக்கு மேல் வைக்க வேண்டியதில்லை. மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும், சேமிப்பை அங்கே வையுங்கள். 2000 லிட்டர் மாடியில் வேண்டுமென்றால் ஒரே தொட்டியை விட இரண்டு 1000 லிட்டர் தொட்டிகள், தனித்தனி வால்வுடன். பாரம் பிரியும், ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓடும். மாடிப்படி அகலத்தையும் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள், கயிறு கட்டி வெளிப்பக்கமாக இழுக்கும்போது கைப்பிடிச் சுவரில் உரசிய கீறல்தான் பல தொட்டிகளின் முதல் காயம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டிக்குப் பாசி வராது, ஆனால் மெல்லிய சுவர் வழியே சூடு தாராளமாக இறங்கும். கடலோர ஊர்களில் குளோரைடு மிகுந்த போர் தண்ணீரில் 304 ரகம் ஊசிக்குத்துத் துளைகள் விடும், அங்கே 316 தான் தாங்கும். கான்கிரீட் தொட்டி மெதுவாகச் சூடேறும். பாரமும் கசிவும் அதன் குறை, கம்பி துருவேறினால் கூரையும் சேர்ந்து கெடும்.

கழுவுவதும் காப்பதும்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, உப்புத் தண்ணீர் ஊரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். கம்பிப் பிரஷ் வேண்டாம், அது போடும் கீறலில்தான் அடுத்த பாசி வேர் பிடிக்கும். கழுவியபின் நிரப்பும் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். சூடான தண்ணீரில் குளோரின் சீக்கிரம் பறந்துவிடும் என்பதால் மாலையில் போடுவது நல்லது. சம்ப்பைக் கழுவ ஆள் இறங்கும் முன் மூடியை நெடுநேரம் திறந்து வைத்துக் காற்றாட விட வேண்டும், மேலே ஒருவர் துணைக்கு நிற்க வேண்டும். பூட்டிக் கிடந்த சம்ப்பில் மூச்சுத் திணறி உயிர் போயிருக்கிறது.

வழியும் குழாய்க்கும் காற்றுக் குழாய்க்கும் நைலான் கொசுவலை கட்டுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், மூடி விலகிய தொட்டி அதற்கு வசதியான வீடு. மூடி மேல் ஏறி நின்று துணி காயப் போடுவதும் கூடாது. வெயிலில் உலர்ந்த மண்டை அந்த மிதியில்தான் கீறும்.

காலித் தொட்டிக்கு முப்பது கிலோ சொச்சம்தான் எடை. ஏற்றி வைத்துவிட்டு ‘நாளைக்குக் குழாய் மாட்டலாம்’ என்று போனால் ஆடிக் காற்று அதைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைக்கும். வைத்த அன்றே துளையை அடைத்துக் கால் பாகமாவது நிரப்பிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் விளிம்பு வரை நிரப்பி, மூடியைப் பூட்டி, அகலமான பட்டையால் தளத்தோடு கட்டுங்கள். கம்பியும் கயிறும் சுவரை அறுக்கும், பட்டை அறுக்காது. 2018 கஜா புயலுக்குப் பின் நாகை, திருவாரூர், தஞ்சைப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் மாடியில் நிரம்பி நிற்கும் தொட்டிதான் வீட்டுக்குத் தண்ணீர்.